படச் சட்டத்துக்குள் எத்தனை பாப்பரசர்

சேசு மரி சூசை துணை
ஜனவரி 19

அன்புள்ள தம்பிக்கு அக்கா எழுதுவது. இங்கே நான் நலம். முழங்கால் மட்டும் தன் இஷ்டத்துக்கு நடக்கிறது. நீயும் சிட்டுவும் சுகமா? சிட்டுவுக்கு இருமல் என்று எழுதியிருந்தாயே, விட்டதா?

செய்தி உனக்கும் வந்திருக்கும். வியாழக்கிழமை காலை தையல்கடையில் பள்ளிச் சீருடைக்குக் காலர் வைத்துக்கொண்டிருந்தேன். கோவில் மணி ஒன்றொன்றாக விழ ஆரம்பித்தது. நம் கோவில் பங்கு மக்களில் யாரோ போய்விட்டார்கள் போலிருக்கிறது என்று நினைத்தேன். மணி நிற்பதாக இல்லை. எதிர் பேக்கரிக்காரர் கையில் மாவோடு வாசலுக்கு வந்து, "ரோம்ல பாப்பரசர் போயிட்டாராம்மா, டிவியில சொல்றான்" என்றார்.

தம்பி, நான் அழுதேன். காஜா எடுக்கிற பெண் பயந்துபோய், "உங்க சொந்தக்காரங்களாக்கா?" என்று கேட்டாள். பதினாறு வருஷமாக நம் வீட்டு முன்னறையில் இருந்தவர். காலையில் கண் விழித்தால் அவர் முகம், விளக்கை அணைத்தால் அவர் முகம். அப்பா மாட்டிய அதே ஆணியில்தான் இன்னும் இருக்கிறார். படத்தின் மூலையில் ஒரு கறுப்பு நாடா தைத்துக் கட்டினேன்.

உனக்கு அவர்மேல் கோபம் என்று எனக்குத் தெரியும். இந்த ஒரு தடவை அவரைத் திட்டி எழுதாதே. எனக்காக.

இப்படிக்கு,
என்றும் உன் நலம் கோரும் அக்கா


ஜனவரி 30

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் நலம். நாங்கள் என்றால் மூன்று பேர். நீ எல்லாக் கடிதத்திலும் இரண்டு பேரை மட்டும்தான் விசாரிக்கிறாய். துணியில் கால் அங்குலம் பிசகாத உனக்கு சிட்டு பிறந்த ஒன்பது வருஷமாக மூன்று வரை எண்ண மட்டும் வரவில்லை. சிட்டுவுக்கு இருமல் விட்டது.

சரி, திட்டவில்லை. நடந்ததை மட்டும் சொல்கிறேன். ஏழு வருஷம் சாமியாராகப் பூசை வைத்தேன். இனி முடியாது என்று தெரிந்ததும் ஒளித்துமறைத்து வாழாமல் வெளியே வந்தேன். பதிவு அலுவலகத்தில் கல்யாணம் செய்துகொண்டேன். குருப்பட்டத்தின் கடமையிலிருந்து என்னை விடுவியுங்கள், கோவிலில் வைத்து இவள் கையைப் பிடிக்க விடுங்கள் என்று உரோமைக்கு மனுப் போட்டேன். அந்த அனுமதியைக் கொடுக்கக்கூடியவர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் பன்னிரண்டு வருஷமாக ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. இப்போது போயும் சேர்ந்துவிட்டார்.

வாடகை அறைக்கு நிலையான விலாசம் இல்லையென்று நம் வீட்டு விலாசத்தைத்தானே கொடுத்திருந்தேன். முதல் மூன்று வருஷம் ஒவ்வொரு கடிதத்திலும் உன்னிடம் கேட்டேன். "ஒன்றும் வரவில்லை" என்று எழுதி எழுதி உனக்கும் கை வலித்திருக்கும். மனுவை வாங்கி அனுப்பிய பிஷப்பின் வாசலை, அந்த ஆயர் இல்லத்துப் படியை, மறுபடி மிதித்துக் கேட்பதில்லை என்று நானும் வீம்பாக இருந்துவிட்டேன். அன்றிலிருந்து கோவிலில் கடைசி வரிசை. எல்லாரும் நற்கருணை அப்பம் வாங்க எழுந்து போகும்போது, கோவில் கல்யாணம் ஆகாத நானும் அவளும் காலை மடக்கி வழி விடுகிறோம்.

செப்டம்பர் முதல் ஞாயிறு சிட்டுவுக்குப் புதுநன்மை. முதல் தடவை நற்கருணை வாங்கப்போகிறாள். ஒவ்வொரு பிள்ளைக்கும் இருபுறமும் அப்பா அம்மா நின்று கூடவே வாங்குவார்கள். எங்கள் பிள்ளை மட்டும் தனியாகப் போகும். எனக்கு அவர்மேல் இருப்பது இந்த ஒரு வருத்தம்தான்.

நீ கறுப்பு நாடா கட்டியதைப் படித்ததும் அப்பா படம் மாற்றுவது நினைவு வந்தது. மற்ற வீடுகளில் பழைய பாப்பரசரை எடுத்துவிட்டுப் புதியவரை வைப்பார்கள். அப்பா பழையவரை எடுக்கமாட்டார். "அவரை எங்கடா போடுறது, குப்பையிலயா?" என்று புதியவரை அவர் மேலேயே வைத்துக் கண்ணாடி போட்டு ஆணியடிப்பார். நான் ஆணிகளை உதட்டில் கவ்விக்கொண்டு நிற்பேன். இரும்பு ருசி இன்னும் நாக்கில் இருக்கிறது.

அன்புடன்,
தம்பி


சேசு மரி சூசை துணை
பிப்ரவரி 11

அன்புள்ள தம்பிக்கு,

நான் நலம். நீயும் சிட்டுவும் நலந்தானே?

இங்கே புதிய பாப்பரசர் வந்தாலும் வந்தார், நம் பங்கு இரண்டாகிவிட்டது. நம் பாட்டு வாத்தியாரை உனக்குத் தெரியும், அவசரக் குடுக்கை. இன்ன கர்தினால்தான் வரப்போகிறார் என்று ஒரு வாரமாகச் சாதித்துக்கொண்டிருந்தார். சாயங்காலம் பங்கு மண்டபத்து டிவியில், புதியவரைத் தேர்ந்தாகிவிட்டது என்று வெள்ளைப் புகையைக் காட்டியதும், பேரைச் சொல்லும் வரைகூடப் பொறுக்கவில்லை. முன்பே சட்டம் போட்டு ஒளித்து வைத்திருந்த தன் கர்தினால் படத்தை எடுத்து வந்து, மணியடிக்கும் கோவில்பிள்ளையை ஏணி பிடிக்கச் சொல்லி, மேடை மேலே மாட்டிவிட்டார். பாட்டுக்குழு எழுந்து நின்று பாடி முடிக்கிறது, மாடத்தில் வந்து நிற்கிறவர் வேறு ஆள்! மண்டபமே சிரித்தது. கோவில்பிள்ளை, "யாரை வேணா ஏத்துங்க வாத்தியாரே, இறக்குறதுக்கும் ஏணி நான்தானே பிடிக்கணும்" என்றார்.

வாத்தியார் மூன்று நாள் பாட வரவில்லை. ஓய்வுபெற்ற தலைமையாசிரியை புதியவருக்கு வயசு போதாது என்கிறார். "இவர் இருபது வருஷம் இருப்பார், அடுத்தவரைப் பார்க்க நான் இருக்கமாட்டேன்" என்று அதற்கொரு அழுகை. வாலிபப் பிள்ளைகளுக்கோ தலைகால் புரியவில்லை, இனி எல்லாம் மாறும் என்கிறார்கள். பங்குச்சாமி இரண்டு பக்கமும் தலையாட்டுகிறார். புதியவர் ஒரு தையல்காரர் மகனாம். அதனால் கடையில் எல்லாரும் எனக்குக் கை கொடுக்கிறார்கள், ஏதோ நான் போய் ஓட்டுப் போட்டு வந்த மாதிரி.

எனக்கு அவர் முகம் இன்னும் பழகவில்லை. நல்லவராகத்தான் தெரிகிறார். எல்லா வீட்டிலும் படம் மாற்றிவிட்டார்கள். நம் வீட்டில் பழையவரே இருக்கட்டும், அவசரமில்லை.

சிட்டுவுக்கு முத்தங்கள்.

அக்கா


பிப்ரவரி 23

அன்புள்ள அக்காவுக்கு,

மூவரும் நலம்.

வாத்தியார் கதையை வாசித்துக் காட்டினேன். என் வீட்டுக்காரி சிரித்ததில் புரை ஏறிவிட்டது. எங்கள் அச்சகமும் வாத்தியார் கட்சிதான். முதலாளி பழையவர் படம் போட்ட நாள்காட்டியை மூட்டை மூட்டையாக அடித்து வைத்திருந்தார். இப்போது அதை என்ன செய்வதென்று தெரியாமல் அதன்மேலேயே உட்கார்ந்து காப்பி குடிக்கிறார். புதியவர் படம் இராப்பகலாக ஓடுகிறது. முதல் அச்சில் அவர் கன்னம் மஞ்சளாக விழுந்துவிட்டது. "என்னய்யா, பாப்பரசருக்குக் காமாலையா?" என்று நான்தான் இயந்திரத்தை நிறுத்தினேன். பிழை பார்ப்பது என் வேலையாயிற்றே.

அக்கா, உண்மையைச் சொல்கிறேன். பல வருஷத்துக்குப் பிறகு எனக்கு நம்பிக்கை வந்திருக்கிறது. இவர் கடிதங்களுக்குத் தாமே பதில் போடுகிறவர் என்கிறார்கள். புதிதாக மனுப் போடப்போகிறேன். செப்டம்பருக்குள் பதில் வருமோ வராதோ, போட்டுப் பார்க்கிறேன். இவளும் சரி என்றாள். முந்திய மனுவுக்குப் பதில் எதுவும் வரவில்லை என்று அதில் எழுத வேண்டும். வரவில்லைதானே? ஒரு வரி எழுதிவிடு, தெளிவாக இருக்கட்டும்.

இத்துடன் புதியவர் படம் ஒன்று வைத்திருக்கிறேன். கன்னம் சரியாக விழுந்தது. அப்பாவின் சட்டம் பதினாலுக்குப் பத்து என்று நினைவு, அந்த அளவுக்கே வெட்டச் சொன்னேன். அப்பா செய்கிற மாதிரி பழையவர் மேலேயே வைத்து மாட்டு. திறக்கும்போது உள்ளே மொத்தம் எத்தனை பேர் என்று எண்ணிச் சொல். நாலு என்று நான் சொல்வேன், ஐந்து என்று நீ அடம்பிடிப்பாய், அப்பா சொல்லாமல் சிரிப்பார். அந்தச் சண்டையை இப்போது தீர்த்துவிடலாம். பந்தயம் வைக்கிறேன். தோற்றவர் ஜெயித்தவர் வீட்டுக்குப் போய் ஒரு வாரம் தங்க வேண்டும். நான் தோற்றால் அப்பா ஏறாதே என்ற வாசப்படியில் ஏறுகிறேன். நீ தோற்றால் இதுவரை பார்க்காத என் வீட்டைப் பார்.

அன்புடன்,
தம்பி


சேசு மரி சூசை துணை
ஏப்ரல் 4

அன்புள்ள தம்பிக்கு,

நான் நலம். நீயும் சிட்டுவும் நலமா? பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. ஜூனில் பள்ளி திறக்கும், கடையில் இப்போதே சீருடை மலையாகக் குவிந்திருக்கிறது. கட்டைவிரலில் ஊசி ஏறி வீங்கிவிட்டது, பேனா பிடிக்க முடியவில்லை.

படம் வந்தது. அழகாக இருக்கிறது. ஆனால் சட்டத்தை இப்போது திறக்க முடியாது. ஆணிகள் துருப்பிடித்திருக்கின்றன, கண்ணாடி உடைந்தால் அந்த மாதிரிக் கண்ணாடி இப்போது கிடைக்காது. கோவில்பிள்ளைகூட வந்தார். "குறடு கொண்டாந்திருக்கேம்மா, அஞ்சு நிமிஷ வேலை" என்றார். தலைவலி என்று சொல்லி அனுப்பிவிட்டேன். உன் படத்தைப் பெட்டிக்குள் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

பாட்டு வாத்தியார் பாட வந்துவிட்டார். புதியவர் குரல் நன்றாக இருக்கிறதாம், தாளம் தப்பாமல் பூசை பாடுகிறாராம். இனி அவர்தான் பெரிய பக்தர். வேறு விசேஷம் இல்லை. மழை இன்னும் வரவில்லை.

அக்கா


ஏப்ரல் 13

அன்புள்ள அக்காவுக்கு,

மூவரும் நலம். உன் கட்டைவிரல் எப்படி?

ஆறு வாரம் கழித்து வந்த கடிதத்தில் மழை இருக்கிறது, வாத்தியார் இருக்கிறார், நான் கேட்டது இல்லை. சட்டத்தைத் திறக்காவிட்டால் போகட்டும். மனு விஷயத்துக்கு ஒரு வரி பதில் போடக் கூடாதா?

இங்குள்ள பங்குச்சாமியைப் பார்த்தேன். நல்ல மனுஷர், என்னைவிட இளையவர். "பழைய மனு என்னாச்சுன்னு தெரியாம புதுசு போட முடியாதுங்க, முதல்ல அதைக் கேட்டு வாங்க" என்கிறார். ஆயர் இல்லத்துக்கு எழுதுமுன் உன்னிடம் கேட்டுவிடுவோம் என்று பார்க்கிறேன்.

போன ஞாயிறு சிட்டு கேட்டாள். "அப்பா, எல்லாரும் போறாங்க, நீங்களும் அம்மாவும் மட்டும் ஏன் எந்திரிச்சுப் போறதில்ல? நீங்க ஏதாவது தப்புப் பண்ணீங்களா?" என் வீட்டுக்காரி குழந்தையின் ஷூ நாடாவைக் கட்டுகிற மாதிரிக் குனிந்துகொண்டாள். நாடா அவிழவே இல்லை. ஒன்பது வயசுப் பிள்ளைக்கு நான் என்ன சொல்ல? பிரசங்கம் வைத்தே ஏழு வருஷம் பிழைத்தவனுக்கு ஒரு வாக்கியம் வரவில்லை.

கடிதம் வந்ததா, வரவில்லையா? அவ்வளவுதான் கேட்கிறேன்.

தம்பி


சேசு மரி சூசை துணை
மே 2

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் எல்லார் நலத்துக்கும் வேண்டிக்கொள்கிறேன்.

நேற்றுப் பெட்டியைத் திறந்தேன். உன் முதல் பூசைக்கு நான் தைத்த உடுப்பு அதில்தான் இருக்கிறது. வெள்ளைப் பட்டு மஞ்சளடித்துவிட்டது, தங்க நூல் மட்டும் கறுக்கவில்லை. நெஞ்சில் வைத்த சிலுவை கொஞ்சம் இடப்பக்கம் சாய்ந்துவிட்டது, அன்றைக்கு யாருமே கவனிக்கவில்லை. நீ மட்டும் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்து, "அக்கா, சிலுவைக்கே கழுத்து சுளுக்கிடுச்சு" என்றாய். உடுப்பு அறையில் நாம் சிரித்த சிரிப்பில் ஆயரே எட்டிப் பார்த்தார். பூசை முடிந்து அப்பா உன்னிடம் முழந்தாளிட்டு ஆசீர்வாதம் வாங்கினார். எழுந்திருக்க முடியாமல் உன் கையைப் பிடித்துக்கொண்டார். அம்மா போன பிறகு அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் பார்த்ததில்லை.

நீ போன பிறகு கேட்கிறவர்களிடமெல்லாம், "மேல்படிப்புக்குப் போயிருக்கான்" என்றார். ஊருக்கே தெரியும் என்பது அவருக்கும் தெரியும். ஆனாலும் மாதம் ஒருமுறை அந்த உடுப்பை எடுத்து வெயில் படாமல் உலர்த்தச் சொல்வார். "வந்துட்டா வேணுமில்ல" என்பார். சரிப்பா என்று உலர்த்துவேன்.

எழுத வந்தது இதுவல்ல. கடைக்கு நேரமாகிவிட்டது.

அக்கா


சேசு மரி சூசை துணை
மே 19

தம்பிக்கு,

நலம் விசாரிக்க எனக்கு இன்று வாய் இல்லை. நேராகச் சொல்லிவிடுகிறேன்.

கடிதம் வந்தது. நீ மனுப் போட்ட பதினாலாவது மாதமே வந்தது. ஆயர் இல்லத்திலிருந்து பதிவுத் தபால். நான்தான் கையெழுத்துப் போட்டு வாங்கினேன். உன் பேருக்கு வந்ததைப் பிரித்தது முதல் தப்பு. உரோமையிலிருந்து அனுமதி வந்துவிட்டது, நேரில் வந்து கையொப்பமிட்டுப் பெற்றுக்கொள்ளவும் என்று நாலே வரி. அந்த மனுஷர் உனக்குப் பதில் போட்டிருந்தார், தம்பி. சரி என்றே போட்டிருந்தார்.

அப்பா உள்ளே படுத்திருந்தார். முதல் மாரடைப்பு வந்து இருபது நாள்கூட ஆகவில்லை. "தபால்காரன் என்னம்மா குடுத்தான்?" என்று கேட்டார். கடைக் கடிதம் என்றேன். அந்தத் தாள் உன் கைக்கு வந்தால் நீ இனி ஒருநாளும் சாமியார் இல்லை. அது வராதவரை நீ திரும்பி வருவாய் என்று அவர் நம்பலாம். அப்பாவுக்காகத்தான் என்று சொல்லிக்கொண்டேன். பொய். எனக்கும் அந்த நம்பிக்கை இருந்தது. அந்தப் பெண் உன்னை நம் வீட்டிலிருந்து திருடிக்கொண்டு போனாள் என்று எனக்கு ஆங்காரம் இருந்தது.

கிழிக்கக் கை வரவில்லை. பாப்பரசர் தந்த அனுமதி ஆயிற்றே, எரிக்கப் பயம். வேறெங்கு வைத்தாலும் அப்பா கண்ணில் படும். அவர் தூங்கின நேரம் பார்த்துச் சட்டத்தைக் கழற்றி, பின்பலகைக்குள் வைத்து, மறுபடி ஆணியடித்தேன். பாப்பரசர் அனுப்பியது அவரிடமே இருக்கட்டும் என்று ஒரு பைத்தியக்கார நியாயம். அப்புறம் மூன்று வருஷம் நீ கேட்டாய், ஒன்றும் வரவில்லை என்று எழுதினேன், அவர் முகத்துக்குக் கீழே உட்கார்ந்து எழுதினேன். அப்பா அடக்கத்தன்று சொல்ல வாயெடுத்தேன், நீ கல்லறை வாசலோடு திரும்பிப் போய்விட்டாய். அதற்குப் பிறகு எந்த முகத்தை வைத்துக்கொண்டு சொல்வேன்?

நீ அவரைத் திட்டி எழுதும்போதெல்லாம் அது என் பேருக்கு வரவேண்டிய திட்டு. ஒரு குற்றமும் செய்யாத மனுஷர் அந்தத் திட்டோடு போய்ச் சேர்ந்தார். மணி அடித்தபோது நான் அழுதது அதற்குத்தான்.

சிட்டு கேட்ட கேள்வியைப் படித்த நாளிலிருந்து சோறு இறங்கவில்லை. நேற்றுப் போய் இந்தப் பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்தேன். பங்குச்சாமி ஜெபமாலை சொல்லச் சொல்வார் என்று பார்த்தால், "இதுக்கு ஜெபம் அப்புறம், முதல்ல தபாலாபீசுக்குப் போங்க" என்றுவிட்டார்.

இன்று நானே குறடு எடுத்துத் திறந்தேன். உள்ளே நாலு பாப்பரசர்தான். ஐந்தாவது இந்தக் கவர். இத்துடன் வைத்திருக்கிறேன்.

மன்னித்துவிடு என்று கேட்க எனக்கு யோக்கியதை இல்லை.

அக்கா


ஜூன் 8

அண்ணிக்கு வணக்கம்.

உங்களை அண்ணி என்று எழுதுவது இதுதான் முதல் தடவை. வேறு எப்படி எழுதுவதென்று தெரியவில்லை. நீங்கள் நலமாக இருக்க வேண்டும்.

உங்கள் தம்பி எழுதவில்லை, அதனால் நான் எழுதுகிறேன். உங்கள் கடிதம் சனிக்கிழமை வந்தது. செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றே படித்தார். என்னிடம் நீட்டி, "அந்த மனுஷன் பதில் போட்டிருக்கார்" என்றார். அன்று முழுவதும் வேறு பேச்சில்லை. திங்கட்கிழமை அச்சகத்திலிருந்து பழைய நாள்காட்டி ஒன்றைக் கொண்டுவந்தார். மாட்டவும் இல்லை, கீழே வைக்கவும் இல்லை. மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

எனக்குக் கோபம் வந்தது. இப்போதும் இருக்கிறது, மறைக்கவில்லை. பதினொரு வருஷம், அண்ணி. என்னைக் கோவிலில் மணப்பெண்ணாகப் பார்க்காமலேயே என் அம்மா கண்ணை மூடினார். உங்களை மன்னித்துவிட்டேன் என்று எழுத எனக்கு இன்னும் வரவில்லை.

ஆனால் ஒன்று. நான் மருந்துக்கடையில் வேலை செய்கிறவள். எந்தத் தாள் முக்கியம், எது போனால் போகட்டும் என்று எனக்குத் தெரியும். நீங்கள் அதை எரித்திருந்தால் எங்களுக்கு எதுவும் தெரிந்தே இருக்காது. அதையும் யோசித்தேன்.

அந்தக் கவரை எடுத்துக்கொண்டு ஆயர் இல்லத்துக்குப் போனோம். அப்போதிருந்த ஆயரும் இல்லை, செயலரும் இல்லை. இப்போதிருக்கிற செயலர் பழைய அலமாரியில் அரைமணி நேரம் தேடி, தும்மிக்கொண்டே கோப்பை எடுத்து வந்தார். "இவ்வளவு நாளா ஏங்க வரல?" என்று கேட்டார். உங்கள் தம்பி என்னைப் பார்த்தார், நான் உத்தரத்தைப் பார்த்தேன். "விலாசத்துல ஒரு குழப்பம்" என்றார். உங்கள் பெயரைச் சொல்லவில்லை.

ஜூலை ஆறு காலை கல்யாணம். அச்சக முதலாளியும் எங்கள் மருந்துக்கடைக்காரரும் சாட்சி. சிட்டு மோதிரத் தட்டை ஏந்திக்கொள்வேன் என்கிறாள்.

புதுநன்மைக்கு அவளுக்கு வெள்ளைக் கவுன் வேண்டும். கடையில் விற்பது எதுவும் எனக்குப் பிடிக்கவில்லை. அளவு பின்பக்கம் எழுதியிருக்கிறேன். தோளில் இடது பக்கம் சற்று இறக்கம், அவள் அப்பாவைப் போல.

இப்படிக்கு,
சிட்டுவின் அம்மா


சேசு மரி சூசை துணை
ஜூலை 22

அன்புள்ள தங்கச்சிக்கு,

உன்னை எப்படிக் கூப்பிடுவதென்று மூன்று தாளைக் கிழித்துவிட்டேன். தம்பியும் சிட்டுவும் நீயும், மூன்று பேரும் சுகமா?

நீ கோபத்தை மறைக்காமல் எழுதினாயே, அதற்கு நன்றி. இனிக்க இனிக்க எழுதியிருந்தால் என்னால் தாங்கியிருக்க முடியாது. உன்னைப் பெற்றவருக்காகத் தினமும் ஒரு ஜெபமாலை சொல்கிறேன். அதனால் ஆகப்போவது ஒன்றுமில்லை என்று தெரியும், இருந்தாலும் சொல்கிறேன்.

ஜூலை ஆறாம் தேதி கடைக்கு லீவு போட்டேன். நீ சொன்ன நேரத்துக்கு நம் கோவிலில் போய் உட்கார்ந்திருந்தேன். கோவில்பிள்ளை, "இன்னைக்கு இங்க ஒண்ணும் இல்லையேம்மா" என்றார். "எங்க வீட்டுக் கல்யாணம்" என்றேன். அவர் பீடத்தில் இரண்டு மெழுகுதிரியை ஏற்றிவிட்டுப் போனார்.

கவுன் இந்தப் பொட்டலத்தில் இருக்கிறது. தோளிறக்கம் பார்த்துத்தான் வெட்டினேன், அந்தத் தோள் எங்கள் அப்பாவினுடையது. அடிமடிப்பில் மூன்று அங்குலம் விட்டிருக்கிறேன், வளர்ந்தால் பிரித்துவிடலாம். நெஞ்சில் சிலுவை வைக்கவில்லை. எனக்கு அது நேராக வராது என்று தம்பிக்குத் தெரியும்.

அவனை எழுதச் சொல்லி வற்புறுத்தாதே. சட்டம் இன்னும் சுவரோரம் சாய்த்தபடி இருக்கிறது. ஆணி மட்டும் தனியாக நிற்கிறது. யாரை மாட்டுவது, எனக்கு அந்த உரிமை இருக்கிறதா என்று தெரியவில்லை.

உன் அண்ணி


செப்டம்பர் 9

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் நலம். உன் முழங்கால் எப்படி இருக்கிறது?

உன் மே மாதக் கடிதம் வந்து மூன்று மாதத்துக்கு மேல் ஆகியும் எழுதவில்லை. எழுத உட்கார்ந்தபோதெல்லாம் திட்டுத்தான் வந்தது. உன்னைத் திட்டி நாலு கடிதம் எழுதினேன், நாலையும் என் வீட்டுக்காரி வாங்கி வைத்துக்கொண்டாள். உன்னைப் போலவே அவளும் ஒளித்து வைக்கிறாள், நான் எங்கே போய் முட்டிக்கொள்வது? கோபம் போய்விட்டது என்று பொய் சொல்லமாட்டேன். காலையில் ஷேவ் செய்யும்போது வருகிறது. அச்சகத்துக்குப் போய்ச் சேர்வதற்குள் அடங்கிவிடுகிறது.

ஞாயிற்றுக்கிழமையைச் சொல்கிறேன். உன் கவுனில் சிட்டு முன்வரிசையில் இருந்தாள். தோள் கச்சிதமாக உட்கார்ந்தது. நாங்கள் பழைய கடைசி வரிசையிலேயே உட்கார்ந்துவிட்டோம், கால் தானாக அங்கே போய்விட்டது. பூசையில் பாப்பரசர் பெயரைச் சொல்லி மன்றாடும் இடத்தில், சாமி பழக்கதோஷத்தில் பழையவர் பெயரைச் சொல்லிவிட்டார். முன்வரிசைப் பாட்டிமார் முணுமுணுத்துத் திருத்தினார்கள். பிழை திருத்தியே சாப்பிடுகிற நான் வாயைத் திறக்கவில்லை. அன்றைக்கு அந்தப் பெயரை ஒரு தடவை கேட்க வேண்டியிருந்தது எனக்கு.

நற்கருணை நேரம் வந்தது. பக்கத்து இருக்கைக்காரர் வழக்கம்போல என் முழங்காலைத் தாண்டப் பார்த்தார். நான் எழுந்தேன். அவர், "ஓ, நீங்களுமா!" என்று பின்வாங்கி வழி விட்டார். அவள் முன்னால் போனாள், நான் பின்னால். சிட்டு நடுவில் வந்து நின்று இரண்டு பேரையும் ஏறிட்டுப் பார்த்தாள். அதற்குமேல் எனக்கு எதுவும் சரியாகத் தெரியவில்லை, கண் நிறைந்துவிட்டது. வீட்டுக்கு வரும் வழியில், "அப்பா, நீங்க ஒண்ணும் தப்புப் பண்ணலல்ல?" என்று கேட்டாள். பண்ணினேன் என்றேன். பதில் போட்ட ஒரு நல்ல மனுஷரைப் பதில் போடாதவர் என்று பன்னிரண்டு வருஷம் ஊரெல்லாம் சொன்னேன் என்றேன்.

சட்டத்தில் யாரை மாட்டுவது என்று கேட்டிருந்தாயாம். புதியவரையே மாட்டு. தையல்காரர் மகன், தையல்காரி வீட்டில் இருக்கட்டும். ஆனால் பழையவரை மறுபடி உள்ளே வைத்து ஆணியடித்துவிடாதே. அவர் எனக்கு வேண்டும். நான் சொன்னதையெல்லாம் முகத்துக்கு நேராகத் திருப்பி வாங்கிக்கொள்ள வேண்டும். அவருக்காக முன்னறையில் ஒரு ஆணியும் அடித்துவிட்டேன்.

தபாலில் அனுப்பாதே. தபால் விஷயத்தில் உன்னை நம்ப நான் தயாராக இல்லை. நீயே எடுத்துக்கொண்டு வா. உள்ளே நாலு பேர் என்று நீயே எண்ணி எழுதிவிட்டாய், பந்தயத்தில் தோற்றது நீ. ஒரு வாரம் என்பது பேச்சு. புறப்படுகிற நாளை மட்டும் எழுது. ஸ்டேஷனில் நாங்கள் மூன்று பேரும் நிற்போம்.

உன் தம்பி